பட்டம் தப்பிய மூட்டை

விதைக்கடை வைத்திருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த நாட்டுச் செய்தியைப் பார்த்தாலும் அங்கே இப்போது என்ன பட்டம், மழை எப்போது இறங்கும், விதை யார் கையில் இருக்கிறது என்றுதான் புத்தி போகும். 2023 ஏப்ரல் 15-ஆம் தேதி சூடான் தலைநகர் கார்ட்டூமில் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்னும் துணை ராணுவப் படைக்கும் சண்டை மூண்டது. தொலைக்காட்சியில் விமான நிலையம் புகைந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் ராணுவத் தளபதி புர்ஹான், மறுபக்கம் ஆர்.எஸ்.எஃப். தலைவர், ஹெமெத்தி என்று அழைக்கப்படும் டகாலோ. அந்தப் பெயர்கள் மனதில் நிற்க எனக்கு நாளாயிற்று. தேதிதான் உறுத்தியது.

சூடானில் மானாவாரி விதைப்பு ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலையில் மும்முரமாகும். ஏப்ரல் நடு என்றால் விவசாயி கடனுக்காக வங்கிக்கு நடக்கிற நேரம், வியாபாரி விதை மூட்டைக்கு லாரி பேசுகிற நேரம். அந்த நேரத்தில் வங்கி பூட்டிக்கிடந்து, டீசலும் கிடைக்காமல் போனால், மறுமாதமே சண்டை ஓய்ந்தால்கூட அந்த வருட வெள்ளாமை போனது போனதுதான். சண்டையும் ஓயவில்லை. அந்த வருடம் சூடானின் மொத்தத் தானிய விளைச்சல் சுமார் 41 லட்சம் டன் என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு கணக்கிட்டது. முந்தைய வருடத்தைவிட 46 சதவீதம் குறைவு.

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். கார்ட்டூமை ஒட்டிய பஹ்ரியில் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். 'ஆபரேஷன் காவேரி' என்று பெயர் வைத்து இந்திய அரசு 3,800 பேருக்கும் மேல் மீட்டுக் கொண்டுவந்ததே, அதில் வந்தவர். போர்ட் சூடான் வரை பேருந்து, அங்கிருந்து கடற்படைக் கப்பலில் ஜெத்தா, அப்புறம் விமானம். இப்போது சாயங்காலமானால் என் கடை வாசல் பெஞ்சுதான். சண்டையைப் பற்றிக் கேட்டால் பேச மாட்டார். மண்ணைப் பற்றிக் கேட்டால் நிறுத்த மாட்டார்.

"தம்பி, கெடாரிஃப்னு ஒரு ஊரு, ஜெனரேட்டர் பாக்கப் போயிருந்தேன். நம்ம கரிசலேதான்! மழை பேஞ்சா செருப்பப் புடுங்கிக்கிடும். வெயில்ல வெடிப்பு விட்டுச்சுன்னா முழங்கால் வரைக்கும் உள்ள போயிரும்."

அவர் சொல்வது நிஜம். சூடானின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மைல் பரந்து கிடப்பது கரிசல்தான். அதில் விளைவதும் நமக்குப் பழக்கமானவைதான்: சோளம், கம்பு, எள், நிலக்கடலை. அங்கே தினசரிச் சாப்பாடு கிஸ்ரா. சோள மாவைப் புளிக்க வைத்து, சூடான தகட்டில் மெல்லிசாக இழுத்துச் சுடுவது. "தோசைதான் தம்பி, என்ன, எண்ணெய்தான் கிடையாது" என்பார் அண்ணாச்சி. தொட்டுக்கொள்ள, காயவைத்து இடித்த வெண்டைக்காய்ப் பொடி போட்ட குழம்பு.

சோளத்தை நாம் நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் பிறந்த வீடு அந்தப் பக்கம். கிழக்கு சூடானில் கஸ்ஸலா அருகே கிடைத்த 5,000 ஆண்டுப் பழைய பானை ஓடுகளில் சோள மணியின் அச்சுகள் பதிந்திருக்கின்றன. மனிதன் பயிராக வளர்த்த சோளத்துக்கு மிகப் பழைய சான்றுகளில் அதுவும் ஒன்று. சோளம் பிறந்த மண்ணில் சோளத்துக்குப் பஞ்சம்.

அந்த நாட்டு விவசாயத்தை மூன்று துண்டாகப் பார்த்தால்தான் மற்றது விளங்கும். முதலாவது கெஸீரா. நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் நடுவில் உள்ள பாசனப் பூமி. 1925-இல் சென்னார் அணையைக் கட்டி, லங்காஷயர் மில்களுக்குப் பருத்தி அனுப்புவதற்காக ஆங்கிலேயர் உண்டாக்கியது. ஏறக்குறைய 22 லட்சம் ஏக்கர், மோட்டார் இல்லாமல் வாய்க்கால் வழியே தானாகப் பாயும் தண்ணீர். பின்னாளில் கோதுமையும் சோளமும் கடலையும் வந்தன. இரண்டாவது கெடாரிஃப் போன்ற கிழக்குப் பகுதிகளின் பெரும் மானாவாரிப் பண்ணைகள், டிராக்டர் ஓட்டி ஆயிரக்கணக்கான ஏக்கரில் விதைப்பவை. மூன்றாவது மேற்கே கொர்டோஃபானிலும் டார்ஃபூரிலும் சின்னக் குடும்பங்கள் மணல் நிலத்தில் கையால் குழி போட்டு விதைக்கும் கம்பும் கடலையும்.

1970-களில் சூடானை அரபு உலகத்துக்கே ரொட்டிக்கூடையாக ஆக்குகிறோம் என்று பெரிய திட்டம் போட்டார்கள். வளைகுடாப் பணம் வந்தது, டிராக்டர் வந்தது. பண்ணைகள் விரிய விரிய, மேய்ச்சல்காரர்களும் சின்ன விவசாயிகளும் நிலத்தைவிட்டு ஒதுங்க வேண்டியதாயிற்று. 1984-85இல் அதே நாட்டில், முக்கியமாக டார்ஃபூரிலும் கொர்டோஃபானிலும், கொடிய பஞ்சம். விவசாயத்துக்கு உதவி என்ற பேச்சு வந்தாலே எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வந்துவிடும். பணம் எந்த விவசாயிக்கு என்பதைக் கேட்காமல் மேற்கொண்டு பேச முடியாது.

நல்ல கதையும் ஒன்று இருக்கிறது. கெபிசா எஜெட்டா என்ற எத்தியோப்பிய விஞ்ஞானி, நம் ஹைதராபாத் பக்கத்துப் பட்டான்செருவில் தலைமையகம் கொண்ட இக்ரிசாட் என்னும் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்துக்காகச் சூடானில் போய் உட்கார்ந்து வேலை பார்த்தார். வறட்சி தாங்கும் ஒரு வீரிய ஒட்டுச் சோளம், 'ஹஜீன் துர்ரா-1', 1983-இல் வெளியானது. 1990-களின் கடைசியில் ஆண்டுக்குப் பத்து லட்சம் ஏக்கரில் அதை விதைத்தார்கள். அடுத்து சுடுமல்லி. சோள வேரில் ஒட்டி உறிஞ்சும் அந்தக் களை நம் காட்டிலும் உண்டு, பார்க்கப் பூப்போல அழகாக இருந்து பயிரைச் சாகடித்துவிடும். அதைத் தாங்கும் ரகங்களையும் அவர் உருவாக்கினார். 2009-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். எனக்கு இதில் பிடித்தது பரிசு இல்லை. புது ரகம் கண்டுபிடித்ததோடு நிற்காமல், அதை உள்ளூரிலேயே விதையாகப் பெருக்கி விவசாயி கைக்குக் கொண்டுபோக ஆள், பண்ணை, கடை என்று ஒரு சங்கிலியையும் அமைக்க வேண்டியிருந்ததே, அதுதான். வீரிய ஒட்டு விதையை வருடா வருடம் புதிதாக உற்பத்தி செய்தாக வேண்டும். ஒரு வருடம் சங்கிலி அறுந்தால் கடையில் விதை இல்லை.

இந்தப் போர் அறுத்தது அந்தச் சங்கிலியைத்தான். 2023 டிசம்பர் 18-ஆம் தேதி கெஸீராவின் தலைநகரான வத் மதானி ஆர்.எஸ்.எஃப். கையில் விழுந்தது. கார்ட்டூமிலிருந்து ஓடி வந்த லட்சக்கணக்கானவர்கள் தங்கியிருந்த ஊர் அது. உலக உணவுத் திட்டத்தின் கிடங்கு சூறையாடப்பட்டது. ஏறக்குறைய 15 லட்சம் பேருக்கு ஒரு மாதச் சாப்பாடு அதில் இருந்தது. நாட்டின் வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் அந்த ஊரில்தான். பல தலைமுறையாகச் சேகரித்த நாட்டுச் சோள, கம்பு ரகங்களைப் பாதுகாத்த விதை வங்கியும் அங்கேதான். அதுவும் தப்பவில்லை. டிராக்டர், பம்பு, கிடங்குத் தானியம், கையில் கிடைத்ததெல்லாம் போனது. வாய்க்கால் தூர்வார ஆளில்லாமல் மண்மூடியது. 2025 பிப்ரவரியில், நார்வேயின் ஸ்வால்பார்டில் பனிமலைக்குள் இருக்கும் உலக விதைக் கிடங்குக்குச் சூடானிலிருந்து விதை போய்ச் சேர்ந்தது. அதில் சோளமும் இருந்தது. குண்டு விழுகிற நாட்டில் அந்த விதையைக் காப்பாற்றிப் பொட்டலம் போட்டு அனுப்பியவர்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. ராணுவம் வத் மதானியைத் திரும்பப் பிடித்தது 2025 ஜனவரியில். இடையில் இரண்டு கோதுமைப் பருவங்களும் ஒரு முழு மழைக்காலமும் போயிருந்தன.

இனி என் கடைக் கணக்கு. மானாவாரிச் சோளத்துக்கு ஏக்கருக்கு ஐந்து கிலோ விதை என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடானின் சராசரி விளைச்சல் மிகக் குறைவு, ஏக்கருக்கு 250, 300 கிலோ தேறும். ஒரு ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 150 கிலோ தானியம் வேண்டும். பத்து டன் லாரி ஒன்றில் தானியம் ஏற்றிப் போனால் 66 பேருக்கு ஒரு வருடச் சாப்பாடு. அதே லாரியில் விதை ஏற்றிப் போனால் 2,000 ஏக்கர் விதைக்கலாம். ஏக்கருக்கு 250 கிலோதான் என்றாலும் 500 டன். மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒரு வருடம் காணும். வழிநெடுகச் சோதனைச் சாவடி வைத்துக் காசு கேட்கிற நாட்டில், ஒரு லாரி வேலையை ஐம்பது லாரி செய்ய வேண்டாம் என்பது சின்ன விஷயம் இல்லை. முதல் வருடமே ஐ.நா. வேளாண்மை அமைப்பு பத்து லட்சம் விவசாயக் குடும்பங்களுக்கு விதை கொடுப்பது என்று இலக்கு வைத்து இறங்கியதற்கு இந்தக் கணக்குதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. விதைத்தவன் கதிர் அறுக்க நாலு மாதம் ஆகும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, அதாவது விதைப்பு, களையெடுப்பு என்று உடம்பை முறிக்கிற வேலை இருக்கும் அதே மாதங்கள்தான் சூடானில் பழைய தானியம் தீர்ந்துபோகும் மாதங்கள். வீட்டில் பிள்ளை பசியில் அழும்போது மூலையில் ஐந்து கிலோ சோளம் இருந்தால் எந்தத் தாய் அதை மண்ணில் போடுவாள்? விருந்தாளி சிவனடியாருக்காக, அன்று பகலில் விதைத்த நெல்லை நடுராத்திரி மழையில் வாரிக்கொண்டு வந்து சமைத்த இளையான்குடி மாறனை நாம் நாயனாராகக் கும்பிடுகிறோம். விதையைத் தின்றுவிட்டார்கள் என்று அறிக்கையில் குறை எழுதுகிற அதிகாரிகளிடம் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். விதை மூட்டையோடு சாப்பாட்டு மூட்டையும் போக வேண்டும், அறுவடை வரைக்கும். அனுபவமுள்ள நிவாரண அமைப்புகள் அப்படித்தான் செய்கின்றன. தானியமா விதையா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இரண்டில் எதையும் கையில் தூக்கிப் பார்க்காதவர்கள்.

இன்னொன்று, விதை எங்கிருந்து வாங்குவது. ஆப்பிரிக்கச் சின்ன விவசாயிகளின் விதையில் பெரும்பகுதி தங்கள் சொந்தக் களத்திலிருந்தும் உள்ளூர்ச் சந்தையிலிருந்தும் வருவது. கம்பெனிப் பாக்கெட் கொஞ்சம்தான். போர்க் காலத்திலும் பெரும்பாலான சந்தைகளில் ஏதாவது ஒரு மூலையில் அந்த மண்ணுக்கேற்ற நாட்டு விதை இருக்கும். வாங்கத்தான் விவசாயியிடம் காசு இருக்காது. அதனால்தான் சில இடங்களில் விதைக்குப் பதில் கூப்பன் கொடுத்து, உள்ளூர் வியாபாரிகளைக் கூட்டி விதைச் சந்தை நடத்துகிறார்கள். விவசாயி தனக்கு வேண்டிய ரகத்தைப் பார்த்து, கடித்துப் பார்த்து வாங்குகிறார். என் கட்சி இதுதான். வியாபாரி என்பதால் அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வரும் இலவச மூட்டைக்குச் சான்று பெற்ற விதை என்று நீல அட்டை கட்டியிருக்கலாம். வெயிலில் மாதக்கணக்கில் துறைமுகத்தில் கிடந்த பிறகு எத்தனை மணி முளைக்கும்? நம் ஊரில் சோளத்துக்குக் குறைந்தது 75 சதவீத முளைப்புத் திறன் கேட்கிறோம். மணல் நிலத்துக்காரனுக்குக் கரிசல் ரகத்தைக் கொடுத்தால் மூட்டைக் கணக்கு சரியாக இருக்கும், காடு காலியாக இருக்கும். அதோடு, இலவசம் வந்து குவிந்த இடத்தில் உள்ளூர் விதைக்காரன் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவான். மறுவருடம் இலவசமும் வராது, அவனும் இருக்க மாட்டான். கூப்பனிலும் கோளாறு உண்டு, சந்தையே எரிந்துபோன ஊரில் கூப்பனை வைத்து என்ன செய்ய? அங்கே மூட்டைதான் போக வேண்டும்.

2024 வந்தது. மழை நன்றாகப் பெய்தது. தானிய விளைச்சல் சுமார் 67 லட்சம் டன்னுக்கு ஏறியது. முந்தைய வருடத்தைவிட 62 சதவீதம் அதிகம், ஐந்தாண்டு சராசரியைக்கூடத் தாண்டியது. விதைக்கடைக்காரனுக்கு இதைவிட இனிப்பான செய்தி என்ன?

அதே வருடம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி, வடக்கு டார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரை ஒட்டிய ஸம்ஸம் அகதி முகாமில் பஞ்சம் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் பஞ்சப் பட்டியல் நீண்டது. நாட்டில் 2 கோடியே 46 லட்சம் பேர் கடும் பட்டினியில் என்றார்கள். கிழக்கே கெடாரிஃபில் சோளம் களத்தில் குவிந்தது. மேற்கே எல் ஃபாஷரை 2024 மே மாதத்திலிருந்து ஆர்.எஸ்.எஃப். முற்றுகையிட்டு, பிறகு சுற்றிலும் மண் கரையே எழுப்பிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் அம்பாஸ் தின்றார்கள். அம்பாஸ் என்றால் கடலைப் பிண்ணாக்கு. மாட்டுக்கு ஊறவைக்கிறோமே, அதே. கடைசியில் அந்தப் பிண்ணாக்கும் தீர்ந்தது. 2025 அக்டோபர் 26-ஆம் தேதி ஊர் விழுந்தது. அதற்குப் பிறகு நடந்த கொலைகளை எல்லோரும் படித்திருப்பீர்கள்.

அண்ணாச்சி இந்தச் செய்தி வந்த அன்று பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது, "கெடாரிஃப் சோளம் அங்க போகாது தம்பி. ரோடு யாருதுன்னு பாருங்க" என்றார்.

விதை உதவியைப் பற்றி எழுதுகிற பலர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். மொத்த விளைச்சல் என்பது நாட்டுக்கு ஒரு எண். பசி ஊருக்கு ஊர் வேறு. எல் ஃபாஷரில் விதையும் நிலமும் இருந்திருந்தாலும் வேலிக்கு வெளியே கால் வைத்தால் சுட்டுவிடுவான். மக்களைப் பட்டினி போட்டுப் போர் நடத்தக் கூடாது, பயிரையும் கால்நடையையும் பாசனத்தையும் அழிக்கக் கூடாது என்று 1977 ஜெனீவா கூடுதல் உடன்படிக்கைகளிலேயே எழுதியிருக்கிறது. 2018-இல் ஐ.நா. பாதுகாப்பு சபை 2417-ஆம் தீர்மானமாக அதைத் திரும்பவும் சொன்னது. எல் ஃபாஷர் முற்றுகையை நிறுத்து என்று 2024 ஜூனில் தனியாக ஒரு தீர்மானமும் போட்டது. முற்றுகை அதற்குப் பிறகும் பதினாறு மாதம் நீடித்தது. இரண்டு தரப்புக்கும் வெளியிலிருந்து ஆயுதம் வருகிறது. அதை நிறுத்தச் செல்வாக்கு உள்ள நாடுகள், விதைக்கு நன்கொடை தருவதை அதற்கு ஈடாகக் காட்ட முடியாது.

அப்படியென்றால் விதை வீணா? இல்லை. ஊர் முற்றிலும் அடைபடாத இடங்கள்தான் சூடானில் அதிகம். அங்கே சின்ன உதவிகூடப் பிடித்துக்கொள்கிறது. கொர்டோஃபான், நூபா மலைப் பகுதிகளில் பெண்கள் வீட்டை ஒட்டி 'ஜுப்ராகா' என்று ஒரு தோட்டம் வைத்திருப்பார்கள். நம் புழக்கடைதான், கொஞ்சம் பெரியது. வெண்டை, பூசணி, வெள்ளரி, சீக்கிரம் விளையும் கொஞ்சம் சோளம். தூரத்துக் காட்டுக்குப் போனால் துப்பாக்கிக்காரன் நிற்பான் என்ற பயத்தில் பெரிய நிலம் தரிசாகக் கிடந்தாலும், ஜுப்ராகாவில் பெரிய கதிர் அறுவடைக்கு முன்பே காய் பறிக்கலாம். உள்ளங்கையளவு வெண்டை விதை போதும். நிவாரணத் திட்டம் போடுகிறவர் நானாக இருந்தால் முதல் பாக்கெட் இதுதான். அடுத்தது ஆடு மாடுகளுக்குத் தடுப்பூசி. மேய்ச்சல் குடும்பத்துக்கு அதுதான் விதை.

ஊருக்குள் கூடி வேலை செய்யும் வழக்கத்தை அங்கே 'நஃபீர்' என்பார்கள். ஒருவர் காட்டில் களை மண்டினால் ஊரே இறங்கும். போர் வந்தபோது அந்தப் பழக்கம்தான் அவசர உதவி அறைகளாகவும் 'தகாயா' என்னும் பொதுச் சமையல் கூடங்களாகவும் மாறியது. இளைஞர்கள் தெருத்தெருவாகக் கஞ்சி காய்ச்சினார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா திடீரென்று வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, இந்தச் சமையல் கூடங்களில் ஐந்தில் நான்கு மூடப்பட்டன. பானையும் விறகும் ஆளும் இருக்க, சோளம் வாங்கக் காசில்லை. எனக்குத் தெரிந்து, கெடாரிஃப் பக்கம் விளைந்த சோளத்தைக் காசு கொடுத்து வாங்கி இந்த அடுப்புகளுக்குக் கொடுத்தால் விவசாயிக்கும் விலை, பசித்தவனுக்கும் சோறு. ரோடு திறந்திருக்கும் ஊர்களிலாவது.

கடைசியாகத் தேதிக்கே வருகிறேன், அதை விட்டால் எனக்கு ஆறாது. சூடானுக்காகப் பணக்கார நாடுகள் நடத்திய பெரிய மாநாடு 2024-இல் பாரிஸில் நடந்தது, ஏப்ரல் 15. அடுத்தது 2025-இல் லண்டனில், அதுவும் ஏப்ரல் 15. போர் தொடங்கிய நாளின் நினைவாம். பாரிஸில் 200 கோடி யூரோவுக்கு மேல் தருவதாகச் சொன்னார்கள். ஏப்ரல் நடுவில் வாக்குக் கொடுத்து, பணம் கைக்கு வந்து, டெண்டர் விட்டு, முளைப்புத் திறன் சோதித்து, போர்ட் சூடானில் இறக்கி, லாரி பிடித்து டார்ஃபூர் போய்ச் சேர்வதற்குள் மழை இறங்கிவிடும். மழை இறங்கினால் அங்கே காட்டாறுகள் ரோட்டை அறுத்துவிடும். சாட் நாட்டு எல்லையில் அத்ரே வழி 2024-இல் பல மாதம் மூடிக்கிடந்து திறந்ததே ஆகஸ்டில்தான். ஆகஸ்டில் டார்ஃபூருக்குப் போகிற கம்பு விதையை யார் விதைப்பார்கள்?

அறுவடை எங்கே தேறியது, எங்கே தவறியது என்பது டிசம்பரில் தெரிந்துவிடும். மாநாட்டை ஜனவரியில் வைத்துக்கொண்டால் பிப்ரவரியில் விதை வாங்கலாம். அப்போது கெடாரிஃப் களத்தில் புது விதை இருக்கும், விலையும் கம்மி, ரோடும் காய்ந்திருக்கும்.